சாலைக் கடைத்தெருவும் தண்ணீர் தங்கிய நிலமும்

திருவனந்தபுரத்தில் மழை சிறிது நேரம் கொட்டித் தீர்த்தால் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் அவற்றை ஒட்டிய சாலைக் கடைத்தெருவின் தாழ்ந்த சந்துகளும் தண்ணீரில் நிற்கின்றன. மழை மிகுந்துவிட்டது என்பதே வழக்கமான விளக்கம். ஆனால் இந்த நகரம் மழைக்குப் புதிதல்ல. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் ஊர் இது. 1837-இலேயே இங்கு வானியலோடு வானிலையையும் நோக்கும் நிலையம் அமைந்தது. மழைநீர் தங்கிச் சென்ற தாழ்நிலத்தை நகரம் படிப்படியாக இழந்ததுதான் இன்றைய வெள்ளத்தின் முதற்காரணம் என்பது என் வாதம்.

திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலைப் பகுதியைச் சந்தையாக வளர்த்தபோது, கோட்டையின் கிழக்கு வாசலிலிருந்து கிள்ளியாற்றை நோக்கிச் சென்ற வழியே அதன் முதுகெலும்பாயிற்று. கடைகள் வழியின் இருமருங்கிலும் எழுந்தன. பக்கத்துத் தாழ்வில் வயல்கள் இருந்தன. இன்று மைதானமாக இருக்கும் புத்தரிக்கண்டம் அன்று நெல்வயல். மழைநீர் அங்கு ஒதுங்கி, பிறகு மெல்ல வடிந்தது. 1820-களில், ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சிக்காலத்தில், கடற்கரைக்கு இணையாக வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு சரக்குப் படகுகளுக்கான வழி. நகரின் தெற்குப் பகுதி நீருக்கு வடிகாலும் அதுவே. கோட்டைப் பக்கத்து நீரைத் தெக்கனங்கரைக் கால்வாய் அதில் சேர்க்கிறது. தம்பானூர் நீரோ ஆமயிழஞ்சான் தோடு என்னும் ஓடை வழியே கண்ணம்மூலை கடந்து ஆக்குளம் காயலுக்கும், அங்கிருந்து கடலோடு சேரும் முகமான வேளிப் பொழிக்கும் போக வேண்டும். 1931-இல் ரயில்பாதை தம்பானூர்வரை நீண்டது. நிலையத்தைச் சுற்றிப் பேருந்து நிலையமும் கட்டடங்களும் பெருகி, தோட்டின் ஒரு பகுதி தண்டவாளங்களுக்கு அடியில் மறைந்தது. கண்ணுக்குத் தெரியாத வாய்க்காலை யாரும் தூர்வாரச் சொல்லிக் கேட்பதில்லை. 2024 ஜூலையில் அந்தச் சுரங்கப் பகுதியைத் துப்புரவாக்க இறங்கிய தொழிலாளி ஒருவர் மழைநீர்ப் பெருக்கில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அவர் இறங்கியிருக்கவே கூடாத இடம் அது.

அரபிக்கடல் சூடாகி, குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கூடிவருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அதனாலேயே தாழ்நிலத்தின் மதிப்பு கூடுகிறது: ஒரே அளவு மழை வயலில் விழுந்தால் தேங்கி நின்று வடியும், சிமெண்ட் தளத்தில் விழுந்தால் ஒரே வேளையில் வாய்க்காலுக்குப் பாயும். கடைக்காரர்களின் ஆக்கிரமிப்பும் குப்பையும்தான் குற்றம் என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் துணையோடு 2015-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் அனந்தா’ ஆக்கிரமிப்புகளை அகற்றி வடிகால்களைத் திறந்தபோது தம்பானூரில் நீர்த்தேக்கம் குறைந்தது. ஆயினும் 2023 அக்டோபரில் நகரம் மீண்டும் மூழ்கியது; அப்போது கண்ணம்மூலைப் பக்கம் தோட்டுநீர் வீடுகளுக்குள் புகுந்தது. வாய்க்காலை அகலப்படுத்தினால் நீர் விரைவாகக் கீழே போகும். ஆனால் வேளியில் மணல்திட்டு பொழியை அடைத்திருந்தால் காயல் நிரம்பி, அந்த நீர் போக வழியின்றி எதிர்த்து நிற்கும். சாலைக் கடைத்தெருவில் மண்டி வைத்திருப்பவரைக் குறைசொல்லிப் பொழியைத் திறக்க முடியாது.

ஆகவே பாதுகாப்பு என்பதை மழை நாளின் எச்சரிக்கையோடு நிறுத்திவிடக் கூடாது. மாவட்டம் முழுமைக்கும் வரும் ஆரஞ்சு எச்சரிக்கை, அரிசி மூட்டையைத் தரையில் அடுக்கியிருக்கும் வியாபாரிக்குத் தன் சந்தில் எந்த அளவு நீர் ஏறும் என்று சொல்வதில்லை. வாய்க்கால் மட்டத்தை அளந்து சந்துவாரியாக அறிவிப்பதும், மின்மீட்டர்களை உயரத்துக்கு மாற்றுவதும், மே மாதத்துக்குள் பொழியைச் சீர்செய்வதும் செய்யக்கூடியவை. ரயில் நிலையத்தை இடம்மாற்றுமாறு யாரும் கேட்கவில்லை; ஆனால் புத்தரிக்கண்டத்தில் மிஞ்சியிருக்கும் திறந்த மண்ணையாவது தளம் போடாமல் விட்டுவைக்கலாம்.