அட்டையில் ஏறிய முகங்கள்

மழை ஓயாத எங்கள் இரத்தினபுரிப் பக்கத்தில் அட்டை என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டைதான். கொழுந்து மலைக்குப் போகும் பெண்கள் அதற்காகவே காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு போவார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த அட்டையைப் பற்றியன்று. மனிதர்களின் முகம் பதித்த காகித அட்டைகளைப் பற்றியும், அவற்றைச் சேர்த்து வைத்தவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இது சிறுபிள்ளை விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் இந்த விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு எங்கள் லயத்து வாசல்வரை வந்து நிற்பதையும் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய காகித உறைகளில் விற்பனையாயின. சிகரெட் நசுங்காமல் இருப்பதற்காக உறைக்குள் ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக இருப்பானேன் என்று ஒரு வியாபாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்போல் ஆட்டக்காரர்கள் என்று புகழ் பெற்றவர்களின் முகங்கள் அந்த அட்டைகளில் ஏறின. வரிசை முழுவதையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசை பிறந்தால் அதே சிகரெட்டைத்தானே மீண்டும் வாங்குவார்கள்! இங்கிலாந்திலும் இவ்வழக்கம் வேரூன்றியது. இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டினால் 1940ஆம் ஆண்டில் அது அங்கே நின்றுபோயிற்று.

இவ்விதம் 1909ஆம் ஆண்டுக்கும் 1911ஆம் ஆண்டுக்கும் இடையில் அமெரிக்கப் புகையிலைக் கம்பனி ஒன்று வெளியிட்ட ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 2022ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

கனடாவில் இந்த மோகம் ஹொக்கியைப் பற்றிக்கொண்டது. மாத்தளை இளைஞர்கள் புல்தரையில் ஆடி நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த ஹொக்கி வேறு, கனடா நாட்டவர் உறைபனித் தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஹொக்கி வேறு என்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்தப் பனி ஹொக்கி வீரர்களின் முகம் தாங்கிய அட்டைகள் 1910-11 பருவத்தில் சிகரெட்டோடு வெளிவரத் தொடங்கின. பின்னர் சிகரெட்டின் இடத்தைப் பபிள்கம் பிடித்தது. பெரியவர்களின் சட்டைப் பையிலிருந்த அட்டை சிறுவர்களின் காற்சட்டைப் பைக்கு இடம்மாறியது.

1979-80 பருவத்தில் ஓ-பீ-சீ என்ற கனடிய நிறுவனம் வெயின் கிரெட்ஸ்கி என்ற இளைஞரின் முதல் அட்டையை வெளியிட்டது. அவர் பிற்காலத்தில் அவ்விளையாட்டின் முடிசூடா மன்னரானார். சிறு குறையுமில்லாத நிலையிலிருந்த அந்த அட்டைகளில் ஒன்று 2021ஆம் ஆண்டில் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. அந்தக் காலத்தில் சிறுவர்கள் இத்தகைய அட்டைகளைச் சைக்கிள் சில்லுக் கம்பிகளில் செருகிச் சத்தமெழுப்பி விளையாடினார்கள். சுவரோரம் எறிந்து பந்தயம் வைத்தார்கள். மூலை மடிந்ததும் குப்பையில் போட்டார்கள். எல்லோரும் பத்திரமாக வைத்திருந்தால் இவ்வளவு விலை ஏறியிராது. எறிந்தவர்கள் பலராகவும் வைத்திருந்தவர்கள் சிலராகவும் இருந்தமையே அந்த விலைக்குக் காரணம்.

இனி நமக்கு நெருங்கிய ஒரு செய்திக்கு வருகிறேன். பிரித்தானியாவில் புரூக் பொண்ட் கம்பனி 1954ஆம் ஆண்டிலிருந்து தனது தேயிலைப் பைக்கற்றுகளுக்குள் பட அட்டைகளைப் போடத் தொடங்கியது. பறவைகள், காட்டுப் பூக்கள், உலகப் புகழ் பெற்ற மனிதர்கள் என்று வரிசை வரிசையாக வந்த அந்த அட்டைகள் 1999ஆம் ஆண்டுவரை வெளிவந்தன. அங்கே தாய்மார் தேநீர் தயாரிக்கப் பைக்கற்றைத் திறக்கும்போது, அட்டைக்காகப் பிள்ளைகள் பக்கத்தில் காத்து நிற்பார்களாம். அந்நாட்டில் அருந்தப்பட்ட தேயிலையில் இலங்கைத் தேயிலைக்கும் பெரும் பங்கு உண்டு. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த அட்டைகள் கிடைக்கவில்லை. பைக்கற்றில் அடைபட்ட தேயிலையே தோட்டத்துப் பிள்ளைகளின் கண்ணில் அரிதாகத்தான் படும். எங்கள் வீட்டில் குடித்தது தோட்டத்தில் கொடுத்த தூள்தான்.

ஆனாலும் நாங்களும் சேர்த்தோம். தொண்ணூறுகளில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் சிறுவனாக இருந்த எனக்கு, பிஸ்கற் தகரமொன்றுதான் நூதனசாலை. பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்கள், பஸ் நிலையத்தில் விற்ற ஸ்ரிக்கர்கள், கிளாக்கர் ஐயா வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய பழைய பத்திரிகைகளில் வெட்டியெடுத்துப் பழைய கொப்பி மட்டையில் சோற்றுப் பசையால் ஒட்டிய முகங்கள் யாவும் அதற்குள் இருந்தன. கையில் காசு புரள்வது சம்பள நாளில் மட்டுமே. ஆகவே மற்ற நாள்களில் பண்டமாற்றுத்தான். ஓர் அரவிந்தவுக்கு இரண்டு குருசிங்க என்ற கணக்கு எங்களுக்குள் இருந்தது. எனக்கு மூத்தவரான பெரியப்பாவிடமோ சினிமாப் பாட்டுப் புத்தகங்களும், திருவிழாக் கடையில் வாங்கிய நடிகர் படங்களும் ஒரு கட்டு இருந்தன. அவற்றில் எம்.ஜி.ஆர். படங்களே அதிகம். "நம்ம மண்ணுல பொறந்தவருடா" என்று அவர் பெருமையோடு சொல்வார். எம்.ஜி.ஆர். மலையகத்தில் பிறந்தவர் என்பது தோட்டத்து மக்கள் தங்களுக்குக் கிடைத்த சொத்தாகவே கருதிய செய்தி.

1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. எங்கள் தோட்டத்தில் பற்றரியில் ஓடிய ஒரேயொரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் மூன்று லயத்துச் சனமும் கூடியிருந்தது. அதன் பிறகு எங்கள் பண்டமாற்றுக் கணக்கே மாறிப்போயிற்று. முத்தையா முரளிதரனின் படத்தை யாரும் எதற்கும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

அதற்கு ஆட்டத்தின் சிறப்பு மட்டும் காரணமன்று. 1972ஆம் ஆண்டில் கண்டியில் பிறந்த முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இங்கு வந்தவர். அவர் பிற்காலத்தில் ஊர் திரும்பினாலும் அவருடைய மகன்மார் இங்கேயே தங்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை 1992இல் கெத்தாராமையில் தனது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். 2010ஆம் ஆண்டு ஜூலையில் காலி மைதானத்தில் தமது 800ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். டெஸ்ட் வரலாற்றில் அந்த எண்ணிக்கையை எட்டியவர் அவர் ஒருவரே. அச்சிட்ட அட்டையில் எங்கள் வீட்டு ஆள் போன்ற ஒரு முகத்தை, எங்கள் வீட்டுப் பெயர் போன்ற ஒரு பெயரோடு முதன்முதலில் நாங்கள் பார்த்தது அப்போதுதான்.

ஒருநாள் என் அப்பாயி அந்தப் பிஸ்கற் தகரத்தைத் திறந்து ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஊரு ஒலகத்து மொகமெல்லாம் ஒன்கிட்ட இருக்கு தம்பி. எம் மொகந்தான் எந்த அட்டையிலயும் இல்ல" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதன் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ஏனெனில், தோட்டத்து மக்களுக்கும் அட்டைகளும் துண்டுகளும் இருக்கத்தான் செய்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களுக்குத் தகர டிக்கற் என்ற உலோக வில்லை கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் காட்டும் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. முகமும் இல்லை, பெயரும் இல்லை. அடுத்தது துண்டு. கடன் தீர்க்கப்பட்டால் இன்னாரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்திலிருந்து எழுதிக் கொடுத்த சீட்டு அது. அது கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் போனபோது அவரது கடனும் அந்தச் சீட்டோடு கூடவே போயிற்று. இம்முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. முரளிதரனின் பாட்டனார் வந்திறங்கிய மறு ஆண்டு அது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி செய்துகொள்ளப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கெடுத்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த ஒன்றரை இலட்சத்தையும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பங்கிட்டது. பிள்ளைகள் நாங்கள் படங்களை இரண்டுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டதைச் சொன்னேன். பெரியவர்கள் இரண்டு நாடுகளாக இருந்து மனிதர்களை இலட்சக் கணக்கில் பங்கிட்டுக்கொண்டார்கள்.

1972ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அந்த அட்டை இல்லை. என் அப்பாயி இந்தியாவுக்கு விண்ணப்பித்துக் கடவுச்சீட்டும் பெற்றிருந்தார். யுத்தம் மூண்டு 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அவர் அந்தச் சீட்டோடு லயத்திலேயே தங்கிவிட்டார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் பலருக்கு வழிவிட்டது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான் வழி பிறந்தது. அதற்கடுத்த ஆண்டில் அப்பாயியின் கைக்கு அடையாள அட்டை வந்தபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. ஒரு நாள் முழுவதும் அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்துவிட்டு, மாலையில் என்னிடம் நீட்டி, "இதையும் ஒந் தகரத்துல போட்டு வையி" என்றார்.

அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. முரளிதரனின் படமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

நேயர்களே, இன்று அந்தப் பழைய தகர டிக்கற்றுகளையும், கோப்பிக் காலத்துத் தோட்ட வில்லைகளையும் நாணயச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். எங்கள் லயங்களில் அவை அநேகமாக இல்லை. எறிந்துவிட்டோம் என்று எங்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமன்று. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் நடந்த வன்செயல்களுக்கு எங்கள் மாவட்டத்துத் தோட்டங்கள் தப்பவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்களால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டிய பகுதியில் மண்சரிந்து லயத்தை மூடியபோது, மனிதர்களோடு அவர்களின் பத்திரங்களும் புதையுண்டன. கனடாவில் ஹொக்கி அட்டை அரிதானது விளையாட்டினால். எங்கள் சீட்டுகள் அரிதானதற்குக் காரணம் வேறு.

நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் கட்டுரை எழுதப் பணிக்கும்போது, மாணவர்களிடம் வீட்டிலுள்ள மிகப் பழைய சீட்டு ஒன்றைப் பார்த்து எழுதி வரும்படி இப்போதெல்லாம் சொல்கிறேன். பழைய கடவுச்சீட்டு, சம்பளத் துண்டு, பிறப்புச் சான்றிதழ் என்று எதுவானாலும் சரி. மூலத்தைக் கொண்டுவர வேண்டாம், பிரதி போதும் என்பது என் நிபந்தனை. முதலாண்டில் நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பதினொருவர் கொண்டுவந்தார்கள். ஒரு மாணவி தன் பூட்டியின் பழைய பிரசைப் பத்திரத்தைப் பார்த்து எழுதிய கட்டுரையில், அந்தப் புகைப்படத்துக்காகப் பூட்டி பக்கத்து வீட்டுச் சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போன செய்தி இருந்தது. வேறெந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்திருக்க முடியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். இந்த வாரம் அதைத் திறந்து பாருங்கள். பூச்சி அரித்தவற்றை வெயிலில் காய வையுங்கள். அதிலிருக்கும் முகம் யாருடையது, எந்த ஆண்டில் எடுத்தது என்று வீட்டு முதியவரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.