வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம் - பவளத் தொட்டி விளக்கின் கதை

பவளப்பாறை என்றதும் பலர் அதைக் கடலுக்கடியில் கிடக்கும் ஏதோ ஒரு கல் என்று நினைக்கிறார்கள். அது வெறும் கல் அல்ல. சின்னஞ்சிறு பூக்களைப் போன்ற பவள உயிரிகள் தங்களுக்காகச் சுண்ணாம்பில் கட்டிக்கொள்ளும் வீடுதான் அந்தப் பாறை. அந்த உயிரிகளின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலை வாங்கி உணவு தயாரிக்கிறது. அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது! வெளிச்சம் இல்லையென்றால் பாசி இல்லை. பாசி இல்லையென்றால் பவளம் பட்டினி.

ஆனால் இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையில் வழக்கமாக இருக்கும் உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் 1 அல்லது 2 டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால் போதும்... பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். ஆகவே கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்க்க நினைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கணக்குதான்: வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். இந்தக் கணக்கைப் போட்டு முடிக்க எத்தனை வருடங்கள் ஆயின என்பதுதான் இந்தக் கதை.

உலகின் முதல் பொதுமக்கள் மீன் காட்சியகம் 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறக்கப்பட்டது. நம்மூர் இதில் ரொம்பப் பின்தங்கவில்லை. 1909லேயே சென்னை மெரினா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சியகம் வந்துவிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. அதற்கு முன்பே ராமேஸ்வரம் பக்கம் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றியெல்லாம் ஆராய்ந்தவர் அவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்தக் காட்சியகம் மூடப்பட்டது.

பவளத்துக்கு வெளிச்சம் எதற்கு என்பதில் அப்போது விஞ்ஞானிகளுக்குள்ளேயே தெளிவில்லை. 1928-29ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போன மாரிஸ் யாங் குழுவினர், பவளங்களை இருட்டுப் பெட்டிகளில் அடைத்துப் பார்த்தார்கள். பாசி போன பிறகும் தீனி கிடைத்த பவளங்கள் உயிரோடு இருந்ததால், பாசி அவற்றுக்கு உணவு தருவதில்லை என்று யாங் முடிவுகட்டினார். பின்னால் கதிரியக்கக் கரியை வைத்து நடந்த சோதனைகளில்தான், பாசி செய்யும் உணவு பவளத்துக்குப் போகிறது என்பது நிரூபணமானது.

சரி, தொட்டிக்கு வருவோம். 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறைத் துண்டுகள், காற்றுக் குமிழி, வெயில் ஆகியவற்றைக் கொண்டே கடல் தொட்டி நடத்தும் முறையை எழுதி வெளியிட்டார். ஜாவாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஐரோப்பாக்காரர்கள் என்ன செய்வார்கள்? 1980களில் அவர்கள் 250, 400 வாட் மெட்டல் ஹேலைடு விளக்குகளைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டார்கள். பவளம் வளர்ந்தது. கூடவே தண்ணீரும் சூடானது! அதைக் குளிர்விக்கத் தனியாக ஓர் இயந்திரம், அதற்கும் சேர்த்துக் கரண்ட் பில். சித்திரை வெயிலில் தமிழ்நாட்டில் இப்படி ஒரு விளக்கை எரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. 1962ல் நிக் ஹோலோனியாக் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். பிரகாசமான நீல எல்.இ.டி.க்கு மேலும் 30 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1993ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா அதைச் சாதித்தார். (2014ல் அகாசாகி, அமானோ ஆகியோருடன் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்.) கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும்; நீலம்தான் ஆழம்வரை இறங்கும். பவளப் பாசிகளும் 450 நானோமீட்டர் ஒட்டிய நீலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பவளத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற விளக்கு!

2000களின் நடுவில் அமெரிக்காவில் பி.எஃப்.ஓ. நிறுவனம் 'சோலாரிஸ்' என்ற எல்.இ.டி. விளக்கை விற்றது. விலை ஆயிரக்கணக்கான டாலர். 2007ல் ஆர்பிடெக் என்ற நிறுவனம் இந்த வகை விளக்குகளுக்குக் காப்புரிமை பெற்றது; தகராறு வந்து சோலாரிஸ் சந்தையிலிருந்து மறைந்தது. கடையில் வாங்க முடியாததைத் தாங்களே செய்துகொள்ள ஆரம்பித்தார்கள் ஆர்வலர்கள்.

செய்முறை எளிது. ஒரு எல்.இ.டி.க்குச் சுமார் 3.5 வோல்ட். 12ஐ வரிசையாக இணைத்தால் 42 வோல்ட். நீலமும் வெள்ளையும் கலந்து வைக்க வேண்டும். இதற்கு மின்னோட்டத்தை 700 மில்லி ஆம்பியரிலேயே நிறுத்திவைக்கும் 'டிரைவர்' அவசியம். காரணம், எல்.இ.டி. சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்ட் குறையும். வோல்ட்டை மட்டும் நிலையாகக் கொடுத்தால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய்க் கருகிவிடும்.

எல்.இ.டி.யிலும் சூடு உண்டு. ஆனால் அது வெளிச்சத்தோடு தண்ணீருக்குள் இறங்காமல் முதுகுப்பக்கம் போகிறது. அதை ஓர் உலோகம் வாங்கிக் காற்றில் விட வேண்டும். எந்த உலோகம்? பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன அனுப்பர்பாளையத்தில் கேட்டால் செம்பு என்பார்கள். சூட்டைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிடக் கெட்டிக்காரன்தான். ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளி ரசம் வைத்தால் களிம்பேறுவது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். உப்புத்தண்ணீரும் செம்பை அரிக்கும். கரைந்த செம்பு துளியளவு இருந்தாலும் பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம். அதனால்தான் தொட்டிக்கு மேலே அலுமினியத் தகடுகள்.

இப்படி வெளிச்சத்தையும் சூட்டையும் மனிதன் பிரித்துவிட்டான். ஆனால் தொட்டியில் வைக்கப் பவளம்? 2001ல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

அது நியாயமான சட்டம்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986ல் கடல் தேசியப் பூங்காவானது. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததில் 2 தீவுகள் மூழ்கிவிட்டன. வெட்டுவது நின்ற பிறகு வந்தது சூடு. 2010லும் 2016லும் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலுக்கடியில் நட்டு வளர்த்து வருகிறது. தொட்டிக்காரர்கள் துண்டு ஒட்டி வளர்க்கும் அதே வித்தை, இங்கே கடலுக்காக.

கையால் விளக்குக் கட்டத் தெரிந்தவர்கள் வெள்ளையும் சிவப்பும் கூட்டி, நன்னீர்ச் செடித் தொட்டிக்குப் பயன்படுத்தலாம். ஆசைக்கு ஆசை, சட்டத்துக்குச் சட்டம். ஒரு தொட்டியின் சூட்டை அலுமினியத் தகடு வாங்கிக்கொள்கிறது. மன்னார் வளைகுடாவின் சூட்டை வாங்கிக்கொள்ள அப்படி எந்தத் தகடும் இல்லை. அதைக் குறைக்கும் வேலை கரையில் இருப்பவர்களுடையது.