பால்மரத்தில் ஒரு முக்கோணம்

1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அடுத்த நூற்றாண்டு பிறந்ததும் அந்த மரம் கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்ந்த மலைகளில் பரவியது. தமிழகத்திலிருந்து வந்து எட்டியாந்தோட்டை, தெரணியகலை லயங்களில் குடியேறியவர்கள் கொழுந்து பறிப்பதோடு பால்வெட்டும் பழகினார்கள்.

அவர்களுடைய பொழுது கணக்கோடு விடிந்து கணக்கோடு முடிந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணிக்கை, மாலையில் நிறுவை, செக்ரோல் என்னும் பதிவேட்டில் முழுநாளுக்கு முழுப்பேரோ அரைநாளுக்கு அரைப்பேரோ. கொழுந்து ராத்தலில், அரிசி புசலில். ஒரு புசலுக்கு 32 சேர். அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்தது போக மிஞ்சியதே கைக்கு வந்தது. பெரிய கங்காணியிடம் பட்ட கடன் துண்டு என்னும் கடன்சீட்டில் ஏறியது. அந்தத் தொகையை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழிக்கும்வரை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு குடும்பம் தன் கடன் எவ்வளவு என்பதைப் பிறர் வாயால்தான் கேட்டறிந்தது.

அதற்கு ஓராண்டு முன்னர்தான், 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. சட்டம் வந்தும் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரு கொட்டகையாகவோ லயத்தின் ஒரு காம்பராவாகவோதான் இருந்தது. எல்லா வகுப்புக்கும் ஒரே மாஸ்டர். சில தோட்டங்களில் கணக்கப்பிள்ளை வேலையும் அவர் தலையில்தான். பகலில் செக்ரோல் எழுதிய அதே கை பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக் கொடுத்தது. ஆனால் பாடம் செக்ரோலைத் தொடவில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே கிடந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களில்தான்.

இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் முன்னோர் விட்டுவந்த ஊர்களிலோ திண்ணைப் பள்ளிக்கூடம் கணக்கை வேலையோடு சேர்த்தே கற்பித்தது. எண்சுவடி மனப்பாடம் செய்த பிள்ளை மா, காணி, 320இல் ஒரு பங்கான முந்திரி வரை பின்னங்களை நாவில் வைத்திருந்தது. நெல் அளப்பது, நிலம் அளப்பது, கூலி பிரிப்பது ஆகியவற்றோடு இந்தக் கல்வி எப்படிப் பிணைந்திருந்தது என்பதைப் புதுச்சேரி ஆய்வாளர் செந்தில் பாபு விரிவாக எழுதியிருக்கிறார். எல்லாப் பிள்ளைகளுக்கும் திண்ணையில் இடம் இருந்ததில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தப் பிணைப்பைக் கேகாலையும் இரத்தினபுரியும் அடங்கிய சபரகமுவாவில் மீட்க நினைக்கும் கணித ஆசிரியருக்கு முதல் பாடம் பள்ளிக்கூட வேலிக்கு அப்பாலேயே நிற்கிறது. வெட்டுக்குத் தயாரான இறப்பர் மரத்தின் சுற்றளவு 50 சென்றிமீற்றர். வெட்டு பாதிச் சுற்றுக்கு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, கிடைக்கோட்டுக்கு ஏறத்தாழ 30 பாகை சரிவில் இறங்கும். ஒரு தாளை மரத்தில் சுற்றி, வெட்டின் மேல் கோடு இழுத்து, தாளை விரித்தால் போதும். வளைந்த வெட்டு நேர்கோடாகிவிடும். அதையே கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தில் அடிப்பக்கம் 25 சென்றிமீற்றர், உயரம் ஏறத்தாழ 14.4, கர்ணம் ஏறத்தாழ 28.9. பைதகரஸ் தேற்றமும் திரிகோண கணிதமும் ஒரே மரத்தில் சரிபார்க்கப்படுகின்றன. கரும்பலகையில் வரையும் எந்த முக்கோணத்தையும்விட இது நல்ல முக்கோணம். ஏனென்றால் சரிவு பிசகினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும் என்பது வகுப்பிலிருக்கும் பல பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும்.

விகிதத்துக்குப் பால் வாளி இருக்கிறது. சேகரித்த பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். மிச்சம் பெரும்பாலும் நீர். பாலில் அளவாக நீர் கலந்து மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இறக்கி அந்தப் பங்கை மதிப்பிடுகிறார்கள். பால் 35 சதவீதமானால் 10 கிலோவில் மூன்றரைக் கிலோ. 30 சதவீதமானால் மூன்று கிலோ. அரைக் கிலோ எங்கே போனது என்று பிள்ளை கேட்கும் கேள்வி வெறும் பயிற்சிக் கேள்வியல்ல.

சம்பளச் சீட்டையும் வகுப்புக்குக் கொண்டுவரலாம். 2021இல் நாட்சம்பளம் 900 ரூபா அடிப்படை, 100 ரூபா கொடுப்பனவு என 1000 ரூபாவானது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், தோட்டத்திடமிருந்து 12 சதவீதம் சேர வேண்டும். எட்டாம் தரத்து மாணவி அம்மாவின் சீட்டை எடுத்து, பேர் விழுந்த நாட்களை எண்ணி, இரண்டு சதவீதங்களையும் தானே போட்டுப் பார்ப்பதற்குப் பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கே போதுமானது.