ஒரு வரியில் நூறு சர்வர்

இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு சர்வர் வேண்டுமென்றால் என்ன பாடுபட வேண்டியிருந்தது என்று இப்போது வேலைக்குச் சேரும் பசங்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். மேனேஜர் கையெழுத்து, அக்கவுண்ட்ஸ் கையெழுத்து. பர்ச்சேஸ் ஆர்டர் போய் ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து ஒரு பெட்டி வந்து இறங்கும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ரேக்கில் மாட்டுவோம். அந்த சர்வர் வேண்டாமென்று முடிவு செய்தாலும் அதே கதைதான், யாராவது போய் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும்.

இன்று இதெல்லாம் பைத்தானில் ஒரு வரி. அந்த ஒரு வரி எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. அந்த இரண்டு மாதத் தாமதத்தோடு சேர்ந்து நம் கையை விட்டுப் போன இன்னொன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

2006 மார்ச்சில் அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 என்ற வாடகைக் கணினிச் சேவையின் பீட்டா வந்தது. மணிக்கு 10 சென்ட். அதற்குக் கிடைப்பது 1.7 கிகாஹெர்ட்ஸ் பிராசஸருக்கு நிகரான வேகம், 1.75 ஜிபி மெமரி, 160 ஜிபி டிஸ்க். இதை உருவாக்கிய குழு வேலை செய்தது அமெரிக்காவில்கூட இல்லை, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், கிறிஸ் பிங்க்ஹாம் என்பவரின் தலைமையில்.

கிளவுட் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது பிரவுசரில் திறக்கும் கன்சோல் பக்கம். அந்தப் பக்கம் 2009 ஜனவரியில்தான் வந்தது. அதாவது முதல் இரண்டரை வருடம் அமேசான் தன் பக்கத்தில் சர்வர் எடுக்க ஒரு பட்டன்கூட வைக்கவில்லை. ஏபிஐ மட்டும்தான். முதலில் திரை, பிறகு புரோகிராம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வரிசை இங்கே தலைகீழ்.

அந்த ஏபிஐயை நேரடியாகக் கூப்பிடுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. அனுப்பும் விவரங்களை எல்லாம் வரிசைப்படுத்தி, ஒரே சரமாகக் கோர்த்து, உங்களுடைய ரகசியச் சாவியை வைத்து ஹெச்மேக் முறையில் கையொப்பம் கணக்கிட்டு, அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் சர்வர் ஏற்காது. பதில் எக்ஸ்எம்எல்லில் வரும், அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். எல்லோரும் இதையே திரும்பத் திரும்ப எழுதுவானேன்? இங்கேதான் கிளையண்ட் லைப்ரரி நுழைகிறது.

பைத்தான்காரர்களுக்காக அப்படி ஒன்றை 2006இலேயே எழுதத் தொடங்கியவர் மிட்ச் கார்னாட். அவர் அப்போது அமேசான் ஊழியர் இல்லை, வெளியாள். தன் லைப்ரரிக்கு 'போட்டோ' என்று பெயர் வைத்தார். நாம் கேமராவில் எடுக்கும் போட்டோ இல்லை, அமேசான் நதியில் வாழும் நன்னீர் டால்ஃபினின் பெயர் அது. கையொப்பம், எக்ஸ்எம்எல் எல்லாவற்றையும் அது உள்ளே மறைத்துக்கொண்டது. வெளியே தெரிந்தது சர்வரை ஓட்டு, நிறுத்து, அழி என்பது போன்ற சில கட்டளைகள் மட்டும். கார்னாட் பிற்பாடு அமேசானிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 2015இல் போட்டோ3 வந்தபோது லைப்ரரியின் அமைப்பே மாறியிருந்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஜேசன் விவரக் கோப்பு இருக்கும், லைப்ரரி அதைப் படித்துக் கட்டளைகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

இந்த லைப்ரரிகளால் என்ன முடியும் என்று உலகம் பார்த்தது 2007இல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் டெரெக் காட்ஃப்ரிட் பழைய இதழ்களின் 1.1 கோடி கட்டுரைகளை பிடிஎஃப் ஆக்க வேண்டியிருந்தது. 4 டெராபைட் ஸ்கேன் படங்களை எஸ்3இல் ஏற்றினார். அதற்கு அவர் பயன்படுத்தியது ஜெட்ஸ்3டி என்ற ஜாவா லைப்ரரி. 100 இசி2 கணினிகளை எடுத்தார், ஹடூப்பை ஓட்டினார், 24 மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. 100 கணினி, 24 மணி, மணிக்கு 10 சென்ட் என்று கணக்குப் போட்டால் 240 டாலர் ஆகிறது. பழைய முறையில் 100 சர்வருக்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட்டிருந்தால் கொட்டேஷன் வருவதற்கே 24 மணி நேரம் போதாது.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய விடுதலைதான். ஆனால் 100 சர்வரை எடுக்கும் வரிக்கும் 100 சர்வரை அழிக்கும் வரிக்கும் நீளம் ஒன்றுதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் டெஸ்ட் சர்வர்களைத் தினமும் இரவில் அழிக்க போட்டோ3இல் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்த டேக் உள்ள சர்வர்களை அழிக்க வேண்டும் என்பதை ஒரு செட்டிங்ஸ் கோப்பிலிருந்து படிக்கும். ஒருநாள் அந்தக் கோப்பு காலியாக இருந்தது. வடிகட்டி காலியாகப் போனால் லைப்ரரி 'எதுவும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளாது, 'எல்லாம்' என்று எடுத்துக்கொள்ளும். அந்த ரீஜனில் இருந்த எல்லா சர்வரும் அதன் கையில். அடுத்த சொல் டெர்மினேட். காலையில் வந்து பார்த்தபோது நெஞ்சு பக்கென்றது. டெஸ்ட் அக்கவுண்ட் என்பதால் தப்பித்தோம், மூன்று பேருடைய ஒரு வார வேலையோடு போயிற்று. லைப்ரரியில் தவறில்லை. டாக்குமெண்டேஷனில் சொன்னபடிதான் அது நடந்தது.

தப்பிக்காதவர்களும் உண்டு. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் மற்றவர்களின் சோர்ஸ் கோடைப் பாதுகாத்து வைக்கும் தொழில் செய்தது. 2014 ஜூனில் ஒருவன் அவர்களுடைய அமேசான் கன்சோலுக்குள் புகுந்து பணம் கேட்டு மிரட்டினான். அவர்கள் அக்கவுண்டை மீட்கப் பார்த்ததும் அழிக்க ஆரம்பித்தான். 12 மணி நேரத்தில் டேட்டா, பேக்கப், மெஷின் இமேஜ் என்று பெரும்பாலானவை போய்விட்டன. கம்பெனியையே மூடினார்கள். அவன் பயன்படுத்தியது கன்சோலைத்தான், லைப்ரரியை இல்லை. ஆனால் பாடம் ஒன்றே. பேக்கப்பும் அசலும் ஒரே சாவிக்குத் திறந்தால் அது பேக்கப் ஆகாது.

அமேசானுக்கே இது நடந்தது. 2017 பிப்ரவரி 28, வடக்கு வர்ஜீனியா. எஸ்3இன் பில்லிங் பகுதி மெதுவாக ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியர் ஒருவர், சில சர்வர்களை மட்டும் விலக்க ஒரு கட்டளை கொடுத்தார். அனுமதி பெற்றவர், எழுதி வைத்த நடைமுறைப்படிதான் செய்தார். ஆனால் உள்ளீடு ஒன்று தவறிவிட்டது. நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் விலகின. இரண்டு முக்கிய உள்பகுதிகளை முழுதாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதாயிற்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் எஸ்3 படுத்துக்கிடந்தது. அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்களும் கூடவே படுத்தன. சேவை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் அமேசானின் பக்கமே எஸ்3ஐ நம்பியிருந்ததால் அதையும் உடனே புதுப்பிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அமேசான் செய்த திருத்தம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கருவி சர்வர்களை இனி மெதுவாகத்தான் விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவும் விடாது என்று மாற்றினார்கள். வேகம் வேகம் என்று வளர்ந்த தொழில், தெரிந்தே தாமதத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் லைப்ரரிகளைச் சுற்றி வளர்ந்த பல வசதிகள் பிரேக்குகள்தான். இசி2இல் டெர்மினேஷன் புரொடெக்‌ஷன் உண்டு. அதைப் போட்டுவிட்டால் அழி என்று கேட்டாலும் சர்வர் அழியாது. ஆனால் நாமாகப் போட்டால்தான் உண்டு. டிரை ரன் இருக்கிறது. அது செய்ய அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துச் சொல்லும், எதையும் செய்யாது. வேடிக்கை என்னவென்றால், அனுமதி இருந்தாலும் அந்தப் பதில் ஒரு எர்ரராகத்தான் வரும். நெட்வொர்க் இடையில் அறுந்து அதே கோரிக்கை இரண்டு முறை போனால் இரண்டு சர்வர் கிளம்பாமலிருக்க கிளையண்ட் டோக்கன் உண்டு. 2014 ஜூலையில் வந்த டெராஃபார்ம் 'பிளான்' என்பதைத் தனிப் படியாகவே ஆக்கியது. எதைச் சேர்க்கும், எதை அழிக்கும் என்று முதலில் பட்டியல் போடும், நீங்கள் சரி என்ற பிறகுதான் கையை வைக்கும்.

யோசித்துப் பார்த்தால் அந்த மூன்று கொட்டேஷனும் இரண்டு கையெழுத்தும் செய்த வேலையில் ஒரு பகுதி இதுதான். இடையில் இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தன. எரிச்சலூட்டிய அந்த நடைமுறைக்குள் ஒரு பாதுகாப்பும் ஒளிந்திருந்தது. நாம் இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிட்டு, பாதுகாப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் ஸ்கிரிப்டில் இப்போது மூன்று விஷயங்கள் கூடுதலாக இருக்கின்றன. வடிகட்டி காலியாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அழிக்கப்போகும் சர்வர்களின் பட்டியலை முதலில் அச்சிடும். எண்ணிக்கை பத்தைத் தாண்டினால், அந்த எண்ணை நான் கையால் டைப் செய்யும் வரை காத்திருக்கும். மொத்தம் பதினோரு வரி. அழிக்கிற வரி இன்னமும் ஒன்றுதான்.