இரண்டு செம்புக் கம்பிகள்

கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், டிவி அணையும். தொலைபேசி மட்டும் பேசிக்கொண்டே இருக்கும். ஏன் என்று நம்மில் பலர் யோசித்ததில்லை.

1882 ஜனவரி 28-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அந்த ஆரம்ப காலத்தில் உலகின் பல ஊர்களில் ஒற்றைக் கம்பிதான். மின்சாரம் திரும்பும் வழி பூமி. அக்கம்பக்கத்துக் கம்பிகளின் இரைச்சலெல்லாம் காதில் விழும். கிரகாம் பெல் 1881-லேயே இரண்டு கம்பிகளை முறுக்கிப் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். முறுக்கிய இரண்டிலும் இரைச்சல் சமமாக ஏறுவதால், ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

நம் வீட்டுக்கு வந்ததும் அதே ஜோடிதான். கம்பத்தில் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து ஒரு ஒயர், ஜன்னல் ஓரத்து ஓட்டை, சுவரில் ரோசெட், பிறகு போன். இதற்கு மின்சாரம் தந்தது நம் மீட்டர் அல்ல. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக வைத்த பேட்டரிகளின் 48 வோல்ட். கரண்ட் போனால் அங்கே ஜெனரேட்டர் ஓடும்.

ரிசீவரை எடுத்தால் சுற்று மூடும். எக்ஸ்சேஞ்ச் அதை உணர்ந்து டயல் டோன் தரும். டயலைச் சுழற்றிவிட்டால் அது திரும்பும்போது சுற்றை அறுத்து அறுத்துச் சேர்க்கும்: 5-க்கு ஐந்து முறை, 0-வுக்குப் பத்து. டயலுக்குப் பூட்டுப் போட்ட வீடுகளில் பிள்ளைகள் ரிசீவர் வைக்கும் இடத்தைத் தட்டியே நம்பர் போட்ட ரகசியம் இதுதான்! மணி அடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். அந்த நேரத்தில் ஒயரைத் தொட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒரு புயல் இரவில் தெருவே இருட்டு. எதிர்வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி. எங்கள் போனில்தான் டாக்டரைக் கூப்பிட்டோம். பிழைத்துக்கொண்டார்.

இப்போது செம்பு போய்க் கண்ணாடி இழை வருகிறது. வேகம் அதிகம், ஆனால் ஒளியைத்தான் அது கொண்டுவரும், போனை இயக்கும் மின்சாரத்தை அல்ல. வீட்டில் வைக்கும் பெட்டிக்கு நம் கரண்டே வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்கள் அந்தப் பெட்டியையும் இன்வெர்ட்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். முன்பு எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொண்ட பேட்டரி, இனி நம் பொறுப்பு.