மேளமும் மேடையும்: பழனி மிருதங்கம் பற்றி

திண்டுக்கல்லில் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று கேட்டால் கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டுப் பாடுகிற மெல்லிசைக் குழுவைத்தான் காட்டுவார்கள். அந்தக் குழு வந்து சேருவதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே அதே வீதியில் வாசித்து வரும் நாயனத்துக்கும் தவிலுக்கும் அந்தப் பெயர் கிடையாது. அது ‘மேளம்’. ஊருக்கென்று இருந்து, ஊரின் காலை மாலைகளையும் கல்யாணங்களையும் திருவிழாக்களையும் தன் வாசிப்பால் வரிசைப்படுத்தி வந்த ஒரு வாத்தியக் கூட்டம், சமூகத்தின் வாத்தியக் குழு இல்லையென்றால் வேறு எது? ஆனால் நம் இசை விமர்சனம் (அப்படி ஒன்று இருக்கிற மட்டும்) கச்சேரி மேடையில் உட்கார்ந்தவனிடமிருந்துதான் கதையைத் தொடங்குகிறது. நடந்துகொண்டே வாசித்தவன் அந்தக் கதைக்கு வெளியே நிற்கிறான்.

பழனி சுப்பிரமணிய பிள்ளையைப் (1908–1962) பற்றிப் பேசுகிறபோதும் இதுதான் நடக்கிறது. பாலக்காடு மணி ஐயருக்குச் சமமாக வைத்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது. ‘பழனிப் பாணி’ என்கிறோம். பாணி என்றதும் அது ஒரு தனி மனிதனின் மேதைமையிலிருந்து முளைத்ததுபோல ஒரு பிரமை உண்டாகிறது. தந்தை முத்தையா பிள்ளை தவில் வித்வான், மிருதங்கமும் வாசித்தவர். அவர் வழி வந்தது புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் பரம்பரை. கஞ்சிராவைக் கச்சேரிக்கு ஏற்றியவர் என்று மான்பூண்டியா பிள்ளையைச் சொல்வார்கள். அவருக்கு லயம் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று பார்த்தால் மாரியப்பத் தவில்காரர். ஆக, மிருதங்கத்தின் இந்தக் கிளையில் எந்தப் பக்கமாக மேலே ஏறினாலும் ஒரு தவில்காரரிடம் போய்த்தான் முட்டுகிறோம்.

தவில் கற்பது என்றால் என்ன என்பதை நம்மில் பலர் யோசித்துப் பார்த்ததில்லை. பெரிய மேளத்தில் சேரும் பையன் எடுத்த எடுப்பில் தவிலைத் தொடுவதில்லை. தாளம் போடுகிறான், சுருதிக்கு ஒத்து ஊதுகிறான். நாயனக்காரர் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விரிக்கிறபோது பக்கத்தில் நின்று கேட்கிறான். சொற்களை வாயால் சொல்லி, வெறும் பலகையில் தட்டிக் கை பழகி, பிறகுதான் வாத்தியம். வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடது பக்கத்தைக் குச்சியால் அடித்து, அந்தப் பாரத்தைத் தோளில் தொங்கவிட்டபடி விடிய விடிய நடக்க வேண்டும். பழனி மலையில் விளா பூஜையிலிருந்து இராக்காலம் வரை ஆறு காலம். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் காவடிக் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே கணக்குத் தவறாமல் மல்லாரிக்கு வாசிக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் பாடத்துக்கும் தொழிலுக்கும் இடையே கோடு கிடையாது. தேர்ச்சி பெற்ற பிறகு அரங்கேறுவது என்ற வரிசையே இல்லை. முதல் நாளிலிருந்து பையன் அரங்கில்தான் இருக்கிறான், தாளக்காரனாக.

பழனியில் பெருகியிருந்த இந்தக் கணக்கறிவு மிருதங்கத்துக்குள் புகுந்ததுதான் சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பு என்று எனக்குப் படுகிறது. தவிலின் வேகத்தை அல்ல, கோர்வைகளை அடுக்கும் புத்தியை அவர் எடுத்துக்கொண்டார். அதை மிருதங்கத்தின் நாதத்துக்கு இறக்கினார், சத்தத்தைக் குறைத்து. தொப்பியில் அவர் எழுப்பிய குமுக்கியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவர் இடது கைக்காரர். வலந்தலையை இடது கை வாசித்தது. தொப்பிக்குப் போனது வலது கை. குமுக்கியின் ரகசியத்தை இதில் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும்.

இடது கை என்பது வேறு விதமாகத்தான் அவரைத் துன்புறுத்தியது. கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் ஏற்பட்ட அமைப்பு இது. இடது கைக்காரர் வந்தால் இரண்டு பேரும் இடம் மாற வேண்டும். பல வயலின் வித்வான்கள் மாறச் சம்மதிக்கவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்த பிறகுதான் வழி பிறந்தது. வீதியில் போகிற மேளத்தில் இப்படி ஒரு தகராறு எழுந்திருக்கவே முடியாது. அங்கே யார் எந்தப் பக்கம் நின்றாலும் ஒலி எல்லாத் திசையிலும்தான் போகிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்பவர்கள் உட்கார்ந்திருக்கும் ஏற்பாடுதான் அவரது கையை ஊனமாக்கிக் காட்டியது.

அந்த ஏற்பாடும் அப்போதுதான் கெட்டிப்பட்டுக் கொண்டிருந்தது. சென்னை மியூசிக் அகாடமி தோன்றியது 1928-ல். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் போனதும் அதே 1928-ல். சுப்பிரமணிய பிள்ளைக்கு அப்போது இருபது வயது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பழனியில் ஏறி, திண்டுக்கல்லில் வண்டி மாறிச் சென்னை போய்ச் சேரலாம் என்ற நிலை ஒரு வித்வானின் ஜீவனத்தையே மாற்றிவிடுகிறது. கோயிலும் ஊரும் தந்தவற்றை நம்பி வாழ்ந்த தகப்பனுக்கும், சபா தேதிகளை நம்பி வாழ்ந்த மகனுக்கும் நடுவே அந்தத் தண்டவாளம் கிடக்கிறது. 1939-ல் திருச்சி வானொலி நிலையம் வந்ததும், ஊரைவிட்டு நகராமலேயே அவனைக் கேட்கிற ஒரு புதுக் கூட்டமும் உண்டாயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. திண்டுக்கல் சமவெளி நம் வட்டத்துக்கு அந்நியமான பூமி அல்ல. வத்தலக்குண்டு என்றால் ராஜமய்யரும் பி.எஸ். ராமையாவும் சி.சு. செல்லப்பாவும் உடனே நினைவுக்கு வருகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சங்கீதத்துக்கு ஒரு ‘மோகமுள்’ கிடைத்தது. மலையடிவாரத்து இந்த வறண்ட பூமியின் லயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காவேரிக் கரையில்தான் சங்கீதம் விளையும் என்ற எண்ணம் எழுத்தாளர்களையும் விடவில்லை போலிருக்கிறது. தோலுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். ஆனால் மிருதங்கத்துக்கு வேண்டியது பதனிட்ட தோல் இல்லை என்பதால், அந்த வகையில்கூட ஊருக்கு ஒரு சம்பந்தம் கற்பிக்க முடியவில்லை!

மேடை அவருக்குக் கொடுத்த பெயர் ‘பக்கவாத்தியம்’. மேளத்தில் தவில் யாருக்கும் பக்கம் அல்ல. நாயனம் ஓய்ந்த நேரத்தில் வீதியைத் தன் வசம் வைத்திருப்பது அதுதான். சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்குக் கிடைத்தது 1966-ல், மணி ஐயருக்கு. சுப்பிரமணிய பிள்ளை இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மணி ஐயருக்குக் கொடுத்ததில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. அவர் மிருதங்கம் வாசிக்க இவர் கஞ்சிரா வாசித்த கச்சேரிகளும் உண்டு. அவர்களுக்குள் மரியாதைக்குக் குறைவில்லை. நாயனத்துக்கு அந்த விருது 1956-லேயே திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை மூலம் வந்துவிட்டது. தவில்காரர் ஒருவருக்கு அது வந்தது 2009-ல்தான். லயத்துக்கு உள்ளேயும் ஒரு வரிசை இருக்கிறது. அதைச் சாதி என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. சுப்பிரமணிய பிள்ளையும் மேளத்திலிருந்து வந்தவர்தான். ஆனால் சாதியை விட்டுவிட்டும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் மேலே, நின்று வாசிக்கிற வாத்தியம் கீழே என்பது யார் யாரை உட்கார அனுமதித்தார்கள் என்ற கேள்வியோடு பிணைந்தது.

அவருடைய சிஷ்யர்கள் விஷயத்தில் கதை எதிர்பாராத பக்கம் திரும்பியது. பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதன் 1963-ல் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வீணை தனம்மாளின் பேரன். சின்ன மேளம் என்று சொல்லப்பட்ட சதிர்க் கோஷ்டியின் உலகத்தில் பிறந்தவர். திருச்சி சங்கரன் 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து அங்கே இந்திய இசைத் துறையைத் தொடங்கினார். பழனியின் சொற்கட்டுகள் கரும்பலகைக்குப் போயின. காதால் மட்டும் கற்றதை எழுதிக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது. இதில் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறொன்றும் நடந்தது. டொராண்டோவில் காம்லான் வாசிக்கிற குழு ஒன்றுக்காகச் சங்கரன் இசை அமைத்தார். காம்லான் என்பது ஜாவாவில், பாலியில், ஊர்க்காரர்கள் கூடி வாசிக்கும் வெண்கல வாத்தியத் தொகுதி. நம் மேளத்துக்குத் தூரத்து உறவு. மேளத்தைவிட்டுப் பிரிந்து சபாவில் பக்கமாக உட்கார்ந்த லயம், கடல் கடந்து போய் மறுபடியும் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்தது. சங்கீத கலாநிதியும் 2011-ல் சங்கரனுக்கு வந்தது, குரு இறந்து 49 வருஷத்துக்குப் பின்.

பழனியில் இன்று தேவஸ்தானம் நாதஸ்வரம், தவில் பள்ளி ஒன்றை நடத்துகிறது. மூன்று வருஷச் சான்றிதழ்ப் படிப்பு. சாப்பாடு, தங்க இடம், மாதம் ஒரு தொகை. பாடத்திட்டம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. இந்தப் பள்ளி இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பல சிறிய கோயில்களில் பூஜை நேரத்தில் மேளத்துக்குப் பதில் சுவரோரத்தில் ஒரு மின்சார இயந்திரம் நிற்கிறது. சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தாமே அடித்துக்கொள்கின்றன, எல்லாக் காலத்துக்கும் ஒரே நடையில். மேளக்காரர் வேலை இருக்கிற பெரிய கோயில்களில், அறநிலையத்துறை விண்ணப்பத்தோடு இசைப் பள்ளிச் சான்றிதழைக் கேட்கிறது. தகப்பனோடு வீதி வீதியாக நடந்து பதினைந்து வருஷம் தவில் கற்றவனும் அந்தக் காகிதத்துக்காக மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.