பொய் விளம்பரத்தை முதலில் தட்டிக்கேட்பது யார்? இந்தியச் சட்டங்கள் கடந்து வந்த எழுபது ஆண்டுகள்

பொய் விளம்பரத்தைத் தண்டிக்கச் சட்டமே இல்லாத நாடு என்று இந்தியாவைச் சொல்ல முடியாது. குடியரசாகி நான்கு ஆண்டுகளிலேயே, 1954இல், அதற்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. பிறகு வந்த சட்டங்களில் அபராதமும் சிறைக்காலமும் கூடிக்கொண்டே போயின. ஆனாலும் ஒரு சட்டம் நடைமுறையில் உயிரோடு இருந்ததா, ஏட்டில் கிடந்ததா என்பதைத் தண்டனையின் கடுமை தீர்மானிக்கவில்லை. ஏமாந்தவர் வந்து முறையிடட்டும் என்று காத்திராமல், தானே விசாரணையைத் தொடங்கும் அதிகாரமும் கடமையும் உள்ள அமைப்பு ஒன்று இருந்ததா என்பதே அதைத் தீர்மானித்தது. இந்த வரலாற்றை அந்தக் கோணத்தில் படித்தால்தான் இன்றைய குறை எங்கே இருக்கிறது என்பது புலப்படும்.

1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தன் காலத்தை மிஞ்சிய துணிச்சல் கொண்டது. புற்றுநோய், நீரிழிவு, காக்காய் வலிப்பு என நீளும் அட்டவணை நோய்களுக்கு மருந்து இருப்பதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே குற்றம்; அந்த விளம்பரம் உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. உயரத்தைக் கூட்டுவதும் அந்த அட்டவணையில் உண்டு. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவை தனிப் பிரிவில் தடுக்கப்பட்டன. யுனானி மருந்து நிறுவனமான ஹம்தர்த் தவாகானா, பேச்சுரிமையைக் காட்டி இச்சட்டத்தை எதிர்த்தது. சரக்கை விற்பதற்கான விளம்பரம் அரசியலமைப்பு காக்கும் பேச்சுரிமைக்குள் வராது என்று 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அட்டவணையை அரசு விருப்பம்போல் விரித்துக்கொள்ள இடமளித்த சொற்களையும், பறிமுதல் அதிகாரத்தையும் மட்டும் ரத்துசெய்தது. அடிப்படை அப்படியே நின்றது. ஆனால் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் போனது. மருந்துக் கடைகளையும் ஆலைகளையும் சோதிப்பதே முழுநேர வேலையாக இருந்தவர்களுக்கு நாளிதழைப் புரட்டுவது உபரிச் சுமை. எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று பட்டியலிட்டு, ஆண்மைக் குறைவுக்கும் சர்க்கரை நோய்க்கும் தீர்வு சொன்ன விளம்பரங்களைத் தமிழ் வாசகர்கள் பல்லாண்டு பார்த்திருக்கிறார்கள். அத்தனையும் இச்சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் அச்சானவை.

நிலைமை மாறியது எம்.ஆர்.டி.பி. ஆணையத்தால். அந்த ஆணையத்தை உருவாக்கிய 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடுப்புச் சட்டம் (எம்.ஆர்.டி.பி. சட்டம்) நுகர்வோரைப் பற்றி மௌனமாக இருப்பதை நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 1978இல் சுட்டிக்காட்டியது. 1984 திருத்தம் 'முறையற்ற வணிக நடைமுறை' என்ற பிரிவைச் சேர்த்தது. புகார் வந்தாலும் வராவிட்டாலும், தன் கவனத்துக்கு எட்டிய தகவலை வைத்தே ஆணையம் விசாரிக்கலாம். இடைக்காலத் தடையும் விதிக்கலாம். விசாரணைக்கென்றே ஒரு தலைமை இயக்குநரும் இருந்தார். இந்தக் காலத்தில்தான் எது ஏமாற்று, எது வெறும் பிழை என்ற அளவுகோலும் உருவானது. நோவினோ பேட்டரி விளம்பரம், ஜப்பானின் 'நேஷனல் பானாசோனிக்' கூட்டுறவுடன் தயாரிப்பதாகச் சொன்னது. ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனத்தின் உண்மையான பெயரோ மட்சுஷிடா. நேஷனலும் பானாசோனிக்கும் அதன் வணிகப் பெயர்கள். ஆணையம் இதைத் தவறென்றது. உச்ச நீதிமன்றம் 1989இல் அந்த ஆணையை ரத்துசெய்தது. தொழில்நுட்பக் கூட்டுறவு உண்மை, வாங்குபவர் மனத்தில் பொருளின் தரம் பற்றித் தவறான எண்ணம் எழவில்லை என்பது அதன் காரணம். அதிகாரம் மிகுந்த அமைப்பு எல்லை மீறிவிடும் என்று அஞ்சுவோருக்கு இந்த வழக்கே பதில்: ஆணையம் அளவு கடந்தபோது நீதிமன்றம் திருத்தியது.

போட்டிச் சட்டம் வந்த பிறகு, 2009இல் எம்.ஆர்.டி.பி. சட்டம் விடைபெற்றது. விளம்பரப் பிரிவுக்குப் புதிய சட்டத்தில் இடம் தரப்படவில்லை. நுகர்வோர் நீதிமன்றங்கள் இருக்கின்றனவே என்றார்கள். அங்கே யாராவது புகார்தாரராகப் போய் நின்றால்தான் வழக்கே தொடங்கும். நூறு ரூபாய்க் களிம்பில் ஏமாந்தவர் அதற்காக வருடக்கணக்கில் அலைவாரா? இழப்பு கோடிப் பேரிடம் சிதறிக் கிடக்க, லாபம் ஓரிடத்தில் குவியும் குற்றம் இது. தனிமனிதர் தொடுக்கும் வழக்கு இதற்கு மருந்தாகாது.

விளம்பரத் துறை தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். 1985இல் பிறந்த இந்திய விளம்பரத் தர மன்றமான 'ஆஸ்கி'க்கு வேகம் உண்டு. அதை மறுப்பது நியாயமல்ல. 2006 முதல் அதன் நெறிமுறையை மீறும் விளம்பரத்தைக் கேபிள் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப விதியே தடைபோடுகிறது. 2022 ஜூனில், பாலியல் வன்முறையைக் கேலியாக்கிய ஒரு வாசனைத் தெளிப்பான் விளம்பரத்தை, விசாரணை முடியும் முன்பே நிறுத்திவைக்க ஆஸ்கி உத்தரவிட்டது. ஆனால் யூடியூபிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் அதை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதியது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். கேட்காதவரைக் கேட்கவைக்கும் கை மன்றத்திடம் இல்லை. அபராதம் விதிக்கவும் அதனால் இயலாது.

2009இல் விடுபட்ட, தானே விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தால் மீண்டது. 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாக விசாரிக்கலாம். முதல் தவறுக்கு 10 லட்சம் வரை, மறுமுறை 50 லட்சம் வரை அபராதம். விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைத்த பிரபலத்துக்கும் தடை. குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களில் அதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. வெற்றியாளரின் படம் முழுப் பக்கத்தில் சிரிக்கும். அவர் அங்கே பெற்றதோ இலவச நேர்முகத் தேர்வுப் பயிற்சி மட்டும். மறைத்த அந்த ஒரு தகவலுக்காகப் பல நிலையங்கள் அபராதம் கட்டின. எந்த வகுப்பில் படித்தார் என்பதைச் சொல்ல வேண்டும், தேர்வான பிறகே அவரது சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும் என்று 2024 நவம்பரில் வழிகாட்டுதலும் வந்தது. பணம் கட்டி ஏமாந்த மாணவர்கள் தனித்தனியே வழக்காடியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது.

மருத்துவ விளம்பரத்தில் மட்டும் பழைய நோய் தீரவில்லை. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கேட்ட, மருந்து விதிகளின் 170ஆம் விதி 2018இல் வந்தது. அதன்கீழ் நடவடிக்கை வேண்டாம் என்று 2023 ஆகஸ்டில் ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. அடுத்த ஆண்டு விதியையே நீக்கியது. பதஞ்சலி நிறுவனத்தின் மருந்து விளம்பரங்கள் குறித்த வழக்கில், உத்தராகண்ட் அதிகாரிகள் ஏன் அசையவில்லை என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கேட்ட பிறகே, 2024 ஏப்ரலில் 14 மருந்துகளின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. முன்அனுமதி தணிக்கையாகிவிடும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. வணிக விளம்பரமும் பேச்சுரிமைக்குள் வரும், பொய் விளம்பரத்துக்கு அந்தக் காப்பு இல்லை என்று 1995இல் டாடா பிரஸ் வழக்கில் நீதிமன்றம் நிலைநாட்டியிருக்கிறது. ஆனால் வாசலில் காவல் வேண்டாம் என்பவர்கள் வீட்டுக்குள்ளாவது விழித்திருக்க வேண்டும். 1954 சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் மாநில அதிகாரிகளுக்குத் தாமாக விசாரிக்கும் கடமையைச் சட்டத்திலேயே எழுதி, எடுத்த நடவடிக்கையை ஆண்டுதோறும் வெளியிடச் செய்ய வேண்டும்.

அதுவரை ஒரு வழி திறந்தே இருக்கிறது. 2019 சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஏமாற்று விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியருக்கோ மத்திய ஆணையத்துக்கோ எழுத்திலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்கலாம். இதற்கு நீங்கள் வழக்காட வேண்டியதில்லை. அடுத்த முறை அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், கத்தரித்து ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். விசாரித்து அறிக்கை தரும் அதிகாரம் அவருக்கு உண்டு.